பிழையால் நிலைத்த பெயர்

இரண்டு எண்களைப் பெருக்கி ஒரு பெரிய எண்ணை உண்டாக்குவது எளிது. அந்தப் பெரிய எண்ணைக் கையில் கொடுத்து, எவற்றின் பெருக்கலால் இது வந்தது என்று கேட்டால் விடை காண்பது கடினம். இணையவழிப் பணப் பரிமாற்றத்தின் பாதுகாப்புக்கு நெடுங்காலமாகத் துணை நிற்பது இந்தக் கடினம்தான். இதன் ஆழத்தை 17-ஆம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தவர், பிரான்ஸ் நாட்டுத் துறவி மரேன் மெர்சென்.

1588 செப்டம்பர் 8-ஆம் தேதி எளிய குடும்பத்தில் பிறந்த மெர்சென், லா பிளெஷ் நகரில் இயேசு சபையினரின் கல்லூரியில் பயின்றார். 1611-இல் மினிம் துறவு சபையில் சேர்ந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாரிஸ் மடத்தில் கழித்தார்.

அறிவியல் இதழ்கள் தோன்றாத காலம் அது. ஓர் அறிஞரின் கண்டுபிடிப்பை மற்றோர் அறிஞர் அறிவதற்குக் கடிதமே வழி. தெகார்த், ஃபெர்மா உள்ளிட்ட பலருடன் மெர்சென் ஓயாமல் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஒருவரின் முடிவை மற்றவருக்கு அனுப்பி, மறுப்பைக் கேட்டுப் பெறுவது அவரது வழக்கம். 1633-இல் கலிலியோவைத் திருச்சபை தண்டித்தது. அதற்கு மறு ஆண்டே, அதே திருச்சபையின் துறவியான மெர்சென், கலிலியோவின் இயக்கவியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

1643-இல் 100895598169 என்ற எண்ணைக் குறித்து அவர் ஃபெர்மாவிடம் கேட்டார். அது 898423, 112303 ஆகிய இரு எண்களின் பெருக்கற்பலன் என்று ஃபெர்மா விடையளித்தார். கணிப்பொறி இல்லாத காலத்தில் 12 இலக்க எண்ணொன்று இவ்வாறு பிரிக்கப்பட்டது இன்றும் வியப்பளிக்கிறது.

அடுத்த ஆண்டு வெளிவந்த நூலில் மெர்சென் துணிச்சலான ஒரு கூற்றை முன்வைத்தார். இரண்டைப் பலமுறை தன்னாலேயே பெருக்கி, வரும் விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் சில வேளைகளில் பகா எண் கிடைக்கும். அடுக்கு 257 வரையில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டுமே அவ்வாறு கிடைக்கும் என்பது அவர் கூற்று. 15, 20 இலக்க எண் பகா எண்தானா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

1648 செப்டம்பர் 1-ஆம் தேதி, 60 வயது நிறைவடைய ஒரு வாரம் இருக்கையில், அவர் மறைந்தார். அவருடைய பட்டியல் மறையவில்லை. 31-ஐப் பற்றிய கூற்று சரியென்று 1772-இல் ஆய்லர் நிறுவினார். 1876-இல் 127-ஐ உறுதி செய்த லூக்கா, 67 தவறு என்றும் காட்டினார். ஆனால், அந்த 21 இலக்க எண்ணின் காரணிகள் எவை என்பது அப்போதும் தெரியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதவியலர் கோல், அது 193707721, 761838257287 ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்று வெளிப்படுத்தினார்.

257-உம் தவறு; 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டிருந்தன. பட்டியல் முழுவதும் சரிபார்க்கப்பட்டபோது 1947 பிறந்துவிட்டது. ஐந்து பிழைகளைக் கண்டறிய உலகுக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது.

இத்தனை பிழைகளுக்குப் பிறகும் அவ்வகைப் பகா எண்கள் மெர்சென் பெயராலேயே வழங்கப்படுகின்றன. 2024-இல் கண்டறியப்பட்ட, நான்கு கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட மாபெரும் பகா எண்ணும் அவ்வகையைச் சேர்ந்ததே. இது பிழைக்குக் கிடைத்த சலுகை அன்று. எவரும் சோதித்து மறுக்கும் வகையில், ஐயத்துக்கு இடமின்றித் தம் கூற்றை எழுதி வைத்ததற்குக் கிடைத்த மதிப்பு.

பிடிகொடுக்காமல் பேசுவதே அறிவுடைமை என்று கருதப்படும் காலம் இது. தவறென்று நிறுவவே முடியாத கூற்றுகளால் எவருக்கும் பயனில்லை. சரியோ தவறோ, சோதிக்கத்தக்கதைச் சொல்பவரே அடுத்த தலைமுறைக்கு வேலை கொடுத்துச் செல்கிறார். மெர்சென் மூன்று நூற்றாண்டுகளுக்கு வேலை கொடுத்துச் சென்றார்.