பம்மல் சம்பந்த முதலியார்

நம் தருமபுரிப் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பாரதக்கூத்து விடிய விடிய நடைபெறுவதை அன்பர்கள் அறிவர். கூத்தனது பாட்டை ஊரே கண்விழித்துக் கேட்கும். ஆயினும் கூத்தாடி என்னுஞ் சொல்லை வசையாகவே வழங்கும். தம் பிள்ளை நாடகத்திற் சேர விரும்பினால், படிப்புக் கெடுமென்று தடுக்கும் பெற்றோர் நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்றும் உளர். அன்னார் பொருட்டே இச்சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

சம்பந்த முதலியார் 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். இளமையில் இவர்க்குத் தமிழ் நாடகத்தில் விருப்பமே இல்லை. பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினர் சென்னைக்கு வந்து ஆடிய தெலுங்கு நாடகங்களைக் கண்டபின்னரே, கற்றோரும் மேடையேறலாம் என்னும் எண்ணம் இவருள்ளத்தில் வேரூன்றியது. அவ்வாண்டே, 1891 ஜூலை 1-இல், நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையை நிறுவினார். பின்னர் வக்கீல்களும் உத்தியோகஸ்தரும் அதன்கண் வேடம் புனைந்தனர். தேசபக்தர் சத்தியமூர்த்தியும் அவருள் ஒருவர். சம்பந்த முதலியாரோ சட்டம் பயின்று வக்கீலாகி, 1924-இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். நாடகத்தாற் படிப்புக் கெடுமென்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ!

அக்காலத்து நாடகம் பெரும்பாலும் பாட்டாகவே இருந்தது. அரசன் சாகுந் தறுவாயிலும் ஓர் இராகம் பாடிவிட்டே சாவான். இவர் பாட்டைக் குறைத்து உரைநடை உரையாடலை மேடைக்குக் கொணர்ந்தார். தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். சேக்ஸ்பியரின் ஹாம்லெத் இவர் கையில் அமலாதித்யன் ஆயிற்று. இவர்தம் நடையில் வடசொல்லும் வழக்குச் சொல்லும் விரவியிருப்பது பற்றிப் பண்டிதர் சிலர் குறை கூறுவர். நாமும் பண்டிதர் மரபிற் பயின்றேமாயினும் அக்குறையை ஏற்கின்றிலேம். மேடையில் நிற்பவன் மனிதனைப்போற் பேசவேண்டுமேயன்றி நிகண்டைப்போற் பேசலாகாது.

இவர் படைப்புக்களுள் தலையாயது மனோகரன் கதை. வசந்தசேனையின் மையலில் வீழ்ந்த மன்னன் புருஷோத்தமன் தன் தேவி பத்மாவதியைப் புறக்கணிக்கின்றான். தாய்சொல்லுக்குக் கட்டுண்ட மைந்தன் வாளெடாது பொறுத்திருக்கின்றான். முடிவில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டுச் சபையில் நிற்கின்றான். வீரமும் அடக்கமும் ஒருவனுள்ளேயே பொருதும் இக்காட்சியை நாட்டின் நாடகக் கம்பெனிகள் பலவும் விரும்பி நடித்தன, டி. கே. எஸ். சகோதரர்களும் நடித்துப் புகழுற்றனர்.

பேசும் படம் தோன்றியபோது முதலியார்க்கு அகவை அறுபதை நெருங்கியிருந்தது. மேடையிற் பழுத்த பலர் புதுக் கருவியை இகழ்ந்து ஒதுங்கினர், இவர் ஒதுங்கவில்லை. 1934-இல் வெளிவந்த சதி சுலோசனா படத்தை இயக்கினார். 1936-இல் மனோகரா படமானபோது, இளமையில் மேடையில் மனோகரனாக நின்ற அவரே திரையில் அவன் தந்தை புருஷோத்தமனாக வந்தார். பேசும்படத்தில் தாம் கண்டவற்றை நூலாகவும் எழுதினார். எசமானும் வேலையாளும் ஒரே பெயர் தாங்கி நகைவிளைக்கும் சபாபதி 1941-லும், வேதாள உலகம் 1948-லும் படங்களாயின.

மனோகரா 1954-இல் மீண்டும் படமாகியது. சிவாஜி கணேசன் நடித்தார். உரையாடலைக் கருணாநிதி எழுதினார். அவ்வுரையாடலின் அடுக்குமொழி நாடெங்கும் முழங்கியதில் மூலவர் பெயர் அமுங்கிப்போயிற்று. நம் வகுப்பில் மாணாக்கரை வினவினால், இக்கதை திரைப்படத்திற்கென்றே பிறந்ததாக எண்ணுகின்றனர். சொல்லழகு பிறருடையதாயினும், அச்சங்கிலியைப் பூட்டிய கை முதலியாருடையது. அந்நாடகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதப்பெற்றது என்பதைப் பிள்ளைகட்குச் சொல்லி வைத்தல் நம் கடன்.

1959-இல் இவர்க்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1964 செப்டம்பர் 24-இல், தொண்ணூற்றொன்றாம் அகவையில், இயற்கை எய்தினார். சுதேசமித்திரனில் தொடராக எழுதி நூலாக்கிய நாடக மேடை நினைவுகள் இப்போதும் படிக்கக் கிடைக்கின்றது. ஒத்திகைக்கு வாராத நடிகர், ஒழுங்கு தவறிய திரைச்சீலை முதலிய இடர்களையெல்லாம் ஒளியாது அதன்கண் எழுதியுள்ளார்.