டெரோஸியோவும் பார்த்தினன் பத்திரிகையும்

கலாசாலை மாணாக்கர் தாமே எழுதித் தாமே அச்சிட்டுத் தம் பெயரால் வெளியிடும் பத்திரிகைகள் இன்று நமக்குப் புதுமையல்ல. ஆண்டு முடிவில் சஞ்சிகை வராது போயினன்றோ வியப்போம். ஆயின் இவ்வழக்கம் இந்நாட்டில் வேரூன்றிய காலத்தை ஆராயப் புகுவோர், கல்கத்தா நகரில் 1830-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பிறந்து, இரண்டாம் இதழ் கைக்கு வருமுன்னரே மடிந்த ஒரு பத்திரிகையின் முன்னர்ச் சற்றே நின்று செல்ல வேண்டியவராவர். அதன் பெயர் பார்த்தினன். அதனை நடத்தினோர் ஹிந்து கலாசாலை மாணாக்கர். அவர்தம் பின்னே நின்றவர் இருபத்தொரு வயதும் நிரம்பாத ஓர் இளைஞர். அவரே ஹென்றி லூயி விவியன் டெரோஸியோ. அவர்தம் குறுகிய வாழ்க்கையை ஈண்டு எம்மால் இயன்றவாறு எழுதப் புகுகின்றோம்.

டெரோஸியோ 1809-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் தேதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் பிரான்ஸிஸ் டெரோஸியோ போர்ச்சுகீஸிய வமிசாவளியினர். ஒரு வர்த்தகக் கம்பெனியில் உத்தியோகம் புரிந்து செவ்வையாக வாழ்ந்தவர். யூரேஷியர் எனப்பட்ட அவ்வகுப்பார் அக்காலத்தில் ஆங்கிலேயரோடும் சேராமல் இந்தியரோடும் சேராமல் இடைநின்று வருந்தியவர்கள். இச்செய்தியை மனத்திற் கொண்டாலன்றி டெரோஸியோவின் வாழ்வு நமக்கு முழுதும் விளங்காது. எந்த வரிசையிலும் அமராதவனே எல்லா வரிசைகளையும் நன்கு காண்கின்றான் போலும்.

தரம்தலா என்னும் வீதியில் டேவிட் டிரம்மண்ட் என்னும் ஸ்காட்லாந்து தேசத்தார் ஒரு பாடசாலை நடத்திவந்தார். கூன் விழுந்த உடலும் நிமிர்ந்த அறிவும் உடையவர் அவர், கவிபாட வல்லவர். அப்பள்ளியில் ஆங்கிலேயச் சிறுவரும் யூரேஷியச் சிறுவரும் இந்தியச் சிறுவரும் ஒருங்கே அமர்ந்து கற்றனர். எதனையும் காரணம் கேட்டு ஏற்கும் பழக்கத்தை டெரோஸியோ அங்கே பெற்றார். பதினான்காம் வயதிற் படிப்பு முடிந்தது. தந்தையார் கம்பெனியிற் கணக்கெழுதும் வேலை சிலகாலம் பார்த்து, அது மனத்திற்கு ஒவ்வாமையின், பாகல்பூரில் உறவினர் ஒருவரது அவுரித் தோட்டத்திற்குச் சென்றார். கங்கையின் நடுவே எழுந்து நிற்கும் ஜங்கீராப் பாறையை அவர் கண்டது அங்கேதான். பிற்காலத்து அவர் இயற்றிய நெடுங்கவிதைக்கு அப்பாறையே நிலைக்களனாயிற்று. தோட்டத்திலிருந்து அவர் எழுதியனுப்பிய கவிதைகளை இந்தியா கெஸட் என்னும் பத்திரிகை விரும்பி வெளியிட்டது. 1827-இல் முதற் கவிதைத் தொகுதியும், 1828-இல் ஜங்கீராவின் பக்கிரி என்னும் நெடுங்கவிதையை உட்கொண்ட நூலும் வெளிவந்தன. இந்தியாவைத் தம் தாய்நாடென அழைத்து ஆங்கிலத்திற் பாடிய முற்பட்ட கவிகளுள் இவர் ஒருவர்.

இருபது வயது நிரம்புமுன்னரே ஹிந்து கலாசாலையில் ஆசிரியப் பதவி அவருக்குக் கிடைத்தது. 1817-இல் கல்கத்தாவின் பெருஞ்செல்வரும், கடிகாரத் தொழிலால் பொருளீட்டிக் கல்வித் தொண்டிற் புகுந்த டேவிட் ஹேர் போன்ற ஐரோப்பிய நண்பரும் முயன்று நிறுவிய கலாசாலை அது. பின்னர் 1855-இல் பிரஸிடென்ஸி கலாசாலையாயிற்று. டெரோஸியோ ஆங்கில இலக்கியமும் சரித்திரமும் போதித்தார். மாணாக்கருட் சிலர் அவருக்கு நாலைந்து வயதே இளையர். பாட வேளை முடிந்தும் அவரை விட்டு அகலார்; அவர் இல்லம் வரை தொடர்ந்து செல்வர். 1828-இல் ஒரு விவாத சங்கம் தோன்றியது. மாணிக்கதலா என்னுமிடத்து ஒரு தோட்ட வீட்டில் அது கூடிற்று. விதியோ முயற்சியோ, கடவுள் உண்டோ இன்றோ, உருவ வழிபாடு தக்கதோ தகாததோ என்றவாறு எப்பொருளையும் இருபக்கமும் நின்று வாதிட்டனர். டெரோஸியோ தலைமை வகிப்பார். டேவிட் ஹேர் வந்து அமர்ந்து கேட்பதுண்டு.

இங்ஙனம் வாயாற் பேசியதை எழுத்தால் ஊரறியச் செய்ய வேண்டுமென்று இளைஞருள்ளத்தில் ஆர்வம் எழுந்தது இயல்பே. ஆயின் அவர்கள் தேர்ந்த காலத்தை நாம் கவனித்தல் வேண்டும். 1829-ஆம் ஆண்டு டிஸம்பர் 4-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடன்கட்டை ஏறுதலைச் சட்டத்தால் விலக்கினார். அதனை எதிர்த்து வைதிகச் செல்வர் 1830 ஜனவரியில் தர்ம சபை என்னும் சங்கம் கூட்டினர். அதன் தலைவருள் முதல்வரான ராதாகாந்த தேவர் ஹிந்து கலாசாலை நிருவாக சபையிலும் இருந்தவர். ஊர் முழுதும் கனன்றுகொண்டிருந்த அவ்வேளையில், அடுத்த மாதமே, அதே கலாசாலையின் பிள்ளைகள் பார்த்தினன் முதல் இதழை வெளியிட்டனர். ஏதென்ஸ் நகரத்துப் பழைய கோயிலின் பெயர் அது. பெண்களுக்குக் கல்வி அளித்தல் வேண்டும் என்றும், நீதிமன்றத்தில் ஏழைக்கும் குறைந்த செலவில் நியாயம் கிடைத்தல் வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டன. ஹிந்துக்களின் மூடவழக்கங்களும் கண்டிக்கப்பட்டன.

முதலிரண்டு பொருள்களோடு நின்றிருந்தால் அப்பத்திரிகை ஒருகால் பிழைத்திருக்கலாம். மூன்றாவது பெற்றோரை நேரே சுட்டது. கலாசாலையை மேற்பார்த்துவந்த வில்ஸன் காளிதாஸரின் மேகதூதத்தை ஆங்கிலப்படுத்திய பேரறிஞர், கொடியவரல்லர். எனினும் நிருவாகத்தாரின் அச்சத்திற்கு அவர் இசைந்தார். இரண்டாம் இதழ் அச்சாகியும் வழங்கப்படாமலே தடுக்கப்பட்டது. அரசாங்கத்தின் அச்சுக்கூடச் சட்டம் அக்காலத்திற் கடுமையாகவே இருந்தது. பத்திரிகை நடத்த 1823 முதல் உத்தரவுச் சீட்டுப் பெறுதல் வேண்டும். ஆயினும் பார்த்தினனை மாய்த்தது அச்சட்டமன்று, கலாசாலையே. மாணாக்கர் பத்திரிகைகளின் வரலாற்றை நோக்குவோர் இவ்வேறுபாட்டைக் குறித்துக்கொள்வாராக.

அடக்குதலோடு அமைதி வந்துவிடவில்லை. அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்திலிருந்து அலெக்ஸாண்டர் டஃப் என்னும் கிறிஸ்தவ குரு கல்கத்தா வந்து சேர்ந்து சொற்பொழிவுகள் ஏற்பாடு செய்தபோது, கலாசாலையார் மாணாக்கர் அவற்றிற்குச் செல்லலாகாதெனத் தடுத்தனர். பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கலாசாலையினின்று நிறுத்தத் தொடங்கினர். டெரோஸியோவைப்பற்றி ஊரிற் பரவிய கதைகட்கு எல்லையில்லை. 1831 ஏப்ரல் 23-ஆம் தேதி நிருவாக சபை கூடிற்று. தீமைகளுக்கெல்லாம் மூலம் அவரே என்றும், அவரை நீக்குதல் வேண்டும் என்றும் பிரேரணை வந்தது. அவர் இளைஞர்க்குக் கல்வி புகட்டத் தகாதவரா என்ற வினா முதலில் எழுந்தபோது பெரும்பாலோர் ஆம் எனத் துணிந்து சொல்லவில்லை. வில்ஸனும் ஹேரும் அவர் திறமையுள்ள ஆசிரியர் என்றே கூறினர். பின்னர் வினா மாற்றப்பட்டது: ஊரார் மனநிலை இவ்வாறிருக்க அவரை நீக்குதல் உசிதமா? இதற்குப் பெரும்பாலோர் உசிதம் என்றனர். இது ஹிந்துக்களின் உணர்ச்சியைப் பற்றியதாகலின் வாக்களித்தல் தமக்குத் தகாதென்று வில்ஸனும் ஹேரும் விலகிக்கொண்டனர். குற்றம் நிறுவப்படவில்லை, தண்டம் மட்டும் விதிக்கப்பட்டது.

அவர்களையும் நாம் முற்றப் பழித்தல் முறையன்று. கலாசாலை அவர்தம் பொருளாலும் முயற்சியாலும் எழுந்தது. பிள்ளைகள் வெளியேறினால் அது அழியும் என்று அஞ்சினர், அவ்வச்சம் பொய்யுமன்று. எனினும் ஒருவரை அழைத்து ஒரு சொல் கேளாமலே அனுப்பியது நியாயமாமோ?

வில்ஸன் முன்னறிவித்தமையால் டெரோஸியோ ஏப்ரல் 25-ஆம் தேதி தாமே ராஜிநாமாக் கடிதம் எழுதினார். தம்மீது சாட்டிய குற்றத்தை விசாரிக்கவுமில்லை, சாட்சி அழைக்கவுமில்லை, மறுமொழி கூறத் தமக்கு இடமளிக்கவுமில்லை என்பதனைப் பணிவோடும் உறுதியோடும் அதில் எடுத்துக்காட்டினார். வில்ஸன் மனம் அமைதியுறவில்லை போலும். தனியே மூன்று வினாக்களை விடுத்தார். கடவுளை நம்புகின்றீரா? பெற்றோர்க்குப் பணிதல் கடமையன்று என்று கற்பித்தீரா? உடன்பிறந்தார் மணத்தைக் குற்றமற்றதெனக் கொள்கின்றீரா? ஊரார் பேசியவை இவையே.

மறுநாளே டெரோஸியோ விடுத்த விடையை, அவர் எழுதிய கவிதைகள் யாவற்றினும் மேலாக நாம் மதிக்கின்றோம். கடவுள் இல்லையென்று எவர் செவியிலும் தாம் கூறியதில்லை என்றார். ஆனால் அப்பொருளில் ஐயுற்றோர் வாதங்களையும், ஐயத்தை மறுத்தோர் வாதங்களையும் ஒருங்கே மாணாக்கர் முன் வைத்தது உண்மை. ஹியூமின் நூலைக் கொடுத்தவர் தாமே, ஹியூமுக்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் கூறிய மறுப்புகளைக் கொடுத்தவரும் தாமே என்றார். ஒரு பக்கத்தை மறைத்து மறுபக்கத்தை மட்டும் கற்பித்தல் இளைஞரைப் பிடிவாதக்காரர் ஆக்குமேயன்றி அறிஞர் ஆக்காது என்பது அவர்தம் கருத்து. இரண்டாம் வினாவிற்கு நிகழ்ச்சிகளையே சான்று காட்டினார். தந்தையிடம் மரியாதையின்றி நடந்த ஒரு மாணாக்கரைத் தாம் கண்டித்ததையும், தந்தை வீட்டை விட்டு வெளியேற எண்ணிய தக்ஷிணாரஞ்சன முகர்ஜியைத் தாம் தடுத்ததையும் விளக்கினார். மூன்றாவதற்கு இல்லை என்பதே விடை. அத்தகைய மூடத்தனத்தை ஒருபோதும் கற்பித்ததில்லை என்றார். விடை வந்தும் தீர்ப்பு மாறவில்லை.

தந்தையார் முந்திய ஆண்டு இறந்திருந்தமையால் குடும்பப் பாரம் அவர் மேலதாயிருந்தது. சோர்ந்து அமரவில்லை, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே ஈஸ்ட் இந்தியன் என்னும் தினப்பத்திரிகையைத் தொடங்கினார். யூரேஷியர் உரிமைக்காக அது வாதாடிற்று; அவ்வகுப்பார் இந்நாட்டாரோடு ஒன்றியே வாழ்தல் வேண்டும் என்பது பத்திராதிபரின் துணிபு. மாணாக்கரும் வாளாவிருந்திலர். கிருஷ்ணமோகன பானர்ஜி என்க்வயரர் என்னும் ஆங்கிலப் பத்திரிகையையும், தக்ஷிணாரஞ்சனர் ஞானான்வேஷணம் என்னும் பத்திரிகையையும் அவ்வாண்டிலேயே தொடங்கினர். கலாசாலைச் சுவருக்குள் ஒன்றை அடக்கினர். வெளியே இரண்டு எழுந்தன.

இளைஞர் செய்தவை யாவும் புகழத்தக்கன என்று நாம் கூறோம். ஆகஸ்டு மாதத்தில், கிருஷ்ணமோகனர் வீட்டிலில்லாத வேளையில் நண்பர் சிலர் அங்கே மாட்டிறைச்சி உண்டு, எச்சிலெலும்பை அண்டை வீட்டு அந்தணர் இல்லத்தில் எறிந்தனர். ஊர் திரண்டது; கிருஷ்ணமோகனர் செய்யாத குற்றத்திற்கு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். இது சுதந்தரமன்று, அண்டை வீட்டாரை அவமதித்தலே. ஆசானிடம் வாதத்தைக் கற்றவர் அவர்தம் பொறுமையைக் கற்கவில்லை. கிருஷ்ணமோகனர் அடுத்த ஆண்டு டஃப் கையால் ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர்க் குருவாகவும் பேரறிஞராகவும் விளங்கினார்.

டிஸம்பர் மாத நடுவில் டெரோஸியோ தாம் பயின்ற தரம்தலாப் பள்ளிக்குச் சென்று சிறுவரைப் பரீக்ஷித்தார். அங்கே ஆங்கிலேயரும் இந்தியரும் யூரேஷியரும் வேற்றுமையின்றி ஒருங்கு கற்பதைப் பாராட்டித் தம் பத்திரிகையில் எழுதினார். அப்போதே வாந்திபேதி கண்டது. அந்நோய் கண்டார் அருகே நிற்கவும் மக்கள் அஞ்சிய காலம் அது. கிருஷ்ணமோகனர், தக்ஷிணாரஞ்சனர், ராம்கோபால கோஷ் முதலிய பழைய மாணாக்கர் இரவும் பகலும் உடனிருந்து பணிவிடை செய்தனர். 1831 டிஸம்பர் 26-ஆம் தேதி அவர் உயிர் நீத்தார். வயது 22. பார்க் வீதிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர்.

அவர்தம் மாணாக்கர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. ரஸிககிருஷ்ண மல்லிகர் ஞானான்வேஷணத்தின் பத்திராதிபரானார். நீதிமன்றத்திற் கங்கை நீர்மேல் ஆணையிட மறுத்துக் கல்கத்தாவைத் திடுக்கிடச் செய்தவர் அவரே. அப்பத்திரிகை வங்காளியிலும் வந்தது. தம் மக்களுக்குத் தம் மொழியிற் கூறுதல் வேண்டும் என்னும் உணர்ச்சி ஆங்கிலம் கற்ற அவ்விளைஞர்க்கு அதற்குள் உண்டாகிவிட்டது. 1842-இல் ராம்கோபால கோஷும் பியாரிசந்த மித்திரரும் பெங்கால் ஸ்பெக்டேட்டர் என்னும் இருமொழிப் பத்திரிகையைத் தொடங்கினர். 1849-இல் பெத்யூன் துரை கல்கத்தாவிற் பெண் பாடசாலை தொடங்கியபோது அதற்கு நிலம் உதவியவர், முன்னொருநாள் தந்தை வீட்டை விட்டு வெளியேறக் கிளம்பி ஆசானால் தடுக்கப்பட்ட தக்ஷிணாரஞ்சனர்.

ராதாநாத் சிக்தார் என்பவர் கணிதத்தில் வல்லுநராகிக் கம்பெனியின் நில அளவை இலாகாவில் அமர்ந்தார். ஹிமாலயத்துப் பதினைந்தாம் சிகரமே உலகில் உயர்ந்தது என்பதைக் கணக்கிட்டறிந்த பெருமை அவருக்குரியது. அச்சிகரமே பின்னர் எவரெஸ்ட் எனப் பெயர் பெற்றது. அவரும் பியாரிசந்தரும் கூடி 1854-இல் மாஸிக பத்திரிகா என்னும் சிறு மாதப் பத்திரிகையை வெளியிட்டனர். பண்டிதர் நடையை விடுத்து வீட்டிற் பேசும் வங்காளியில் அதனை எழுதினர். பெண்கள் படிப்பதற்கென்றே அது நடைபெற்றது.