லிட்டில்வுட்டும் மூன்று கரிமுகங்களும்

இராமானுஜனை அறியாத தமிழ் மாணவர் எவரும் இரார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியையும் அறிவோம். 1913ஆம் ஆண்டு சென்னையிலிருந்து போன அந்தக் கடிதத்தை ஹார்டியுடன் உட்கார்ந்து ஆராய்ந்தவரைத்தான் மறந்து விடுகிறோம். ஜான் எடன்சர் லிட்டில்வுட் என்பது அவர் பெயர்.

1885இல் இங்கிலாந்தில் ரோச்செஸ்டர் நகரிலே பிறந்தார். இளமையில் சில ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் கழிந்தன. 1928 முதல் 1950 வரை கேம்பிரிட்ஜில் பேராசிரியர். ஹார்டியுடன் சேர்ந்து அவர் உழைத்தது ஏறத்தாழ 35 ஆண்டுகள். லிட்டில்வுட் என்று ஒருவர் இல்லவே இல்லை, அது ஹார்டி கற்பித்த பெயர் என்று வெளிநாட்டில் சிலர் நினைத்தார்களாம்! நெடுங்காலம் மனச்சோர்வு அவரை வாட்டியது. எழுபது வயதுக்கு மேல்தான் மருந்தினால் குணம் கண்டார்.

இருவருக்கும் சில விதிகள் இருந்தன. ஒருவர் எழுதுவது சரியா தவறா என்பது பொருட்டல்ல. வந்த கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை, படிக்கவும் வேண்டியதில்லை. ஒரே நுணுக்கத்தை இருவரும் யோசிக்காதிருப்பது நலம். கட்டுரையில் ஒருவர் பங்கு சிறிதும் இல்லாவிட்டாலும் இருவர் பெயரும் இருக்கும். கடைசி விதியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதற்காகக் கூட்டாளியோடு மூன்று வாரமாய்ப் பேசாதிருந்தவன் நான்.

1953இல் வெளிவந்த தம் நூலில் லிட்டில்வுட் ஒரு புதிர் தருகிறார். ரயில் பெட்டியில் மூன்று பெண்கள். மூவர் முகத்திலும் கரி. மூவரும் சிரிக்கிறார்கள். முதலாமவள் திடீரென்று யோசிக்கிறாள்: என் முகம் சுத்தமாக இருந்தால், இரண்டாமவளின் கண்ணுக்கு மூன்றாமவள் எதைப் பார்த்துச் சிரிப்பதாகத் தெரியும்? தன்னைப் பார்த்துத்தான் என்று உணர்ந்து சிரிப்பை நிறுத்தியிருப்பாளே! அவள் நிறுத்தவில்லை. ஆகவே என் முகத்திலும் கரி.

கண்ணாடியே இல்லாமல், பிறர் அறிந்ததையும் அறியாததையும் கொண்டே தன்னை அறிவது! பல இயந்திரங்கள் கூடித் திட்டமிட்டு வேலை செய்ய வேண்டுமானால், ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியுமா, தெரியும் என்பது இதற்குத் தெரியுமா என்றெல்லாம் கணக்கிட வேண்டும். கணிப்பொறி அறிஞர்கள் பின்னாளில் இதே வகைப் புதிரைச் சேறு பூசிய குழந்தைகளின் கதையாக மாற்றி எடுத்துக்கொண்டார்கள். லிட்டில்வுட் 1977இல், தம் 92ஆம் வயதில் காலமானார்.

நேற்று மாலை ஆய்வுக்கூட வாசலில் கூட்டாளியை நிறுத்தி இந்தப் புதிரைச் சொன்னேன். விடை காண அவனுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. பிறகு இருவரும் தேநீர் குடிக்கப் போனோம்.