விண்வழியே பாடம் அனுப்ப விழைந்த பெருந்தகை



பிழைப்பை நாடி அகமதாபாத் வந்து வாழும் நமக்கு டாக்டர் விக்ரம் சாராபாயின் பெயர் புதிதன்று. இது அவர் பிறந்த நகரம். அவர் எழுப்பிய நிலையங்களின் மதில்களைக் கடந்தே நம்மிற் சிலர் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். ஆயினும், அவர் இறுதி மூச்சை விட்ட இடம் என் பிறந்த ஊருக்கு அணித்தே உள்ளது என்பதைப் பலர் அறியார். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் சூழ, தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் செங்கல் என்னும் சிற்றூரிலிருந்து இரயிலேறி இந்நகருக்கு வந்தவன் நான். இந்நகரிலிருந்து புறப்பட்டு எங்கள் சீமைக்கு வந்து கண்மூடியவர் அவர். இந்த ஓர் உறவே, பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்ட என்னை, அப்பேரறிஞரின் வரலாற்றை எழுதத் தூண்டிற்று.

1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் பெரும் ஆலை அதிபர், அன்னையார் சரளாதேவி. காந்தியடிகளிடம் பற்றுக்கொண்ட குடும்பம் அது. சரளாதேவியார் தம் எட்டு மக்களுக்காகத் தம் மாளிகையிலேயே மாண்டிசோரி முறையில் ஒரு பள்ளியை நடத்தினார். பாடந்தோறும் தேர்ந்த ஆசிரியர் வீடு தேடி வந்து கற்பித்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்த இப்பேறு நாட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? பிற்காலத்தில் ஆசிரியரில்லாச் சிற்றூர்களை அவர் எண்ணிப் பார்த்ததன் வித்து அவ்வீட்டுப் பள்ளியிலேயே விழுந்திருக்கக்கூடும் என்று நான் கருதுவதுண்டு.

இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்று, 1940-இல் இயற்கை விஞ்ஞானத்தில் தேர்ச்சி பெற்றார். உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. இராமனின் கீழ் அண்டவெளிக் கதிர்களை ஆராயத் தொடங்கினார். 1942-இல் மிருணாளினி அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் நமக்கு அயலார் அல்லர். சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராய் விளங்கிய சுப்பராம சுவாமிநாதனுக்கும், பாலக்காட்டுச் சீமையின் ஆனக்கரையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதனுக்கும் பிறந்த செல்வி. நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் இலட்சுமியின் தங்கை. தமிழும் மலையாளமும் கலந்த அக்குடும்பத்து மகள் பரதக் கலையை இந்நகருக்குக் கொணர்ந்து, 1949-இல் தர்ப்பணா என்னும் கலைக்கூடத்தைத் தோற்றுவித்தார்.

போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே, நவம்பர் 11-ஆம் நாள், இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தை இங்கே நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28. நெசவாலைத் தொழிலுக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகமும், 1961-இல் இந்திய மேலாண்மைக் கல்வி நிலையமும் அவர் முயற்சியால் இந்நகரில் எழுந்தன. 1966-இல் டாக்டர் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்திக் கமிஷனின் தலைமைப் பொறுப்பும் அவர் தோளில் ஏறிற்று. உள்நாட்டிலேயே மின்னணுக் கருவிகளும் கணிப்பொறிகளும் செய்வதற்காக ஹைதராபாத்தில் 1967-இல் அரசு நிறுவனம் தொடங்கப்பெற்றதும் அவர் தலைமைக் காலத்தில்தான்.

இனி, எங்கள் சீமைக்கு அவர் வந்த கதைக்கு வருவோம். புவியின் காந்த நடுக்கோடு திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரின் மேலாகச் செல்கின்றது. அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், வலிய மின்னோட்டம் ஒன்று ஓடுகின்றது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்வாகப் பறக்க இயலாது. ஆகவே ராக்கெட்டை அனுப்பியே அதனை ஆராய வேண்டும். அதற்கு உகந்த இடத்திலோ ஒரு மாதா கோயிலும், ஆயர் இல்லமும், மீனவர் குடிசைகளும் இருந்தன. சாராபாய் அதிகார ஆணையை நம்பி இராமல், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நேரிற் கண்டு தம் நோக்கத்தை விளக்கினார். ஆயர் அதனை ஞாயிறு வழிபாட்டில் மக்கள் முன் வைத்தார். தம் கோயிலையும் குடியிருப்பையும் விட்டுக்கொடுக்க அவ்வெளிய மக்கள் இசைந்தனர். கோயில் அலுவலகமாயிற்று, ஆயர் இல்லம் பட்டறையாயிற்று, ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியிற் சென்றன. 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை முதல் ராக்கெட் விண்ணில் ஏறி, அந்தி வானில் சோடிய ஆவியைப் பரப்பியது. அந்தச் செம்மஞ்சள் முகிலைத் தென்னந்தோப்பில் நின்று கண்டு அஞ்சியதாக எங்களூர் முதியவர் ஒருவர் கூற, சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

உண்ண உணவும் உடுக்க உடையும் போதாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று அந்நாளில் கேட்டோர் பலர். கேள்வி நேர்மையானதே. செல்வ நாடுகளோடு போட்டியிட்டு நிலவுக்கு ஆளனுப்பும் எண்ணம் நமக்கு இல்லை என்றும், மக்களின் குறைகளைத் தீர்க்க உயர்ந்த விஞ்ஞானத்தைப் பயன்படுத்துவதில் நாம் எவர்க்கும் பின்தங்கலாகாது என்றும் அவர் விளக்கினார். சொல்லோடு நின்றாரல்லர். 1967 ஜனவரியில் டில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பெற்று, உழவர்க்கான நிகழ்ச்சி தொடங்கியது. அச்சோதனைக்கு ஊக்கம் தந்தவர் அவர். அவ்வாண்டிலேயே செயற்கைக்கோள் தொடர்புக்கான சோதனை நிலையமொன்று அகமதாபாத்தில் எழுந்தது. 1969-இல், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டுக்கு இரவல் பெற்று இந்தியச் சிற்றூர்களுக்குப் பாடம் அனுப்பும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அதன் பயனைக் காண அவர் இருந்தாரில்லை. 1971 டிசம்பர் இறுதியில் திருவனந்தபுரம் வந்திருந்தார். தும்பாவுக்கென அமையவிருந்த இரயில் நிலையத்தின் அடிக்கல் நாட்டு விழாவும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பது என்னைப் போன்ற இரயில்வே ஊழியனின் நெஞ்சைத் தொடும் செய்தி. 30-ஆம் நாள், கோவளம் கடற்கரை மாளிகையில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 52. அவர் உடல் இந்நகருக்குக் கொண்டுவரப்பெற்று இங்கேயே எரியூட்டப்பெற்றது.

எனினும், பேராசிரியர் யஷ்பால் முதலானோர் பணியை நிறுத்தவில்லை. 1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குப் பாடம் விண்வழி வந்தது. அகமதாபாத்திலும் டில்லியிலும் இருந்து எழுந்த அலைகள் 36,000 கிலோமீட்டர் மேலேறி, செயற்கைக்கோளால் வலுவூட்டப்பெற்றுத் திரும்பின. சிற்றூர்ப் பள்ளியில் பத்தடி விட்டமுள்ள கம்பிவலைக் குடையொன்று அவற்றைத் திரட்டிப் பெட்டிக்குத் தந்தது. காலையில் ஒன்றரை மணி நேரம் சிறுவர்க்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியோர்க்கு. ஒரே படத்தோடு இரு மொழிகளின் ஒலியை அனுப்பும் வசதியும் இருந்தது. இரு மொழிகள் பின்னிக் கிடக்கும் எல்லையூரில் பிறந்தவனுக்கு அதன் அருமை நன்கு விளங்கும்.

இங்கு நாம் மறத்தற்கரிய செய்தி ஒன்றுண்டு. பெட்டியை வைத்துவிட்டால் ஆசிரியர் வேண்டா என்று அத்திட்டத்தினர் எண்ணினாரல்லர். 40,000-க்கு மேற்பட்ட தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதே செயற்கைக்கோளின் வழியே பயிற்சி அளித்தனர். மக்கள் எதைக் கண்டனர், எது விளங்கிற்று என்பதை அறிய ஆய்வாளர்களை அவ்வூர்களிலேயே தங்கச் செய்தனர். ஆயரின் வாயிலுக்கு நேரிற் சென்றவரின் மனப்பாங்கு, அவர் மறைந்த பின்னும் அப்பணியில் விளங்கக் காண்கிறோம்.

அந்த ஆறு மாநிலங்களில் கேரளமும் தமிழகமும் இல்லை. நான் பிறந்ததும் அதற்குப் பின்னரே. நான் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்வழி பயின்ற ஆண்டில், கணக்கு ஆசிரியரின் இடம் நெடுநாள் காலியாகவே கிடந்தது. இறுதித் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினேன். கல்லூரிக் கதவு திறக்கவில்லை. இதை எவர்மீதும் குறையாகச் சொல்லவில்லை. ஓர் ஆசிரியர் இல்லாமை ஒரு வாழ்வின் தடத்தையே மாற்றும் என்பதற்கு நானே சான்று என்றுதான் சொல்கிறேன்.

கல்விக்கென்றே அமைந்த எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20-ஆம் நாள் விண்ணேறியது. அதன் துணைகொண்டு 2005-இல் கேரள அரசு விக்டர்ஸ் என்னும் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கிற்று. 2020 ஜூன் முதல் நாள், கொள்ளை நோயால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, அவ்வொளிபரப்பின் வழியே வகுப்புகள் நடந்தன. செங்கலில் என் தமக்கையின் மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடம் கேட்டாள். பாடம் தவறாமல் வந்தது. ஐயம் எழுந்தபோது கேட்பதற்குத்தான் அருகில் ஆளில்லை. அடுத்த வீட்டில் கல்லூரி பயிலும் மங்கை ஒருத்தி மாலைதோறும் வந்து அமர்ந்த பிறகே, கணக்கு அவளுக்கு வசமாயிற்று.

தும்பா ராக்கெட் நிலையம் இன்று அவர் பெயரால் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமாக வளர்ந்து நிற்கின்றது. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் நிலவின் தென்துருவத்தை அடுத்து இறங்கிய கலமும் விக்ரம் என்னும் பெயரையே தாங்கியது. அப்பெருமை அவர்க்குத் தகும். ஆயினும் அவர் உள்ளம் பெரிதும் நாடியது நிலவை அன்று, ஆசிரியரில்லாப் பள்ளியை.

இன்று நம் பிள்ளைகளின் கையிலேயே கைபேசி இருக்கின்றது. உலகின் பாடமெல்லாம் அதில் வருகின்றது. வாராதது உடனிருக்கும் மனிதர் ஒருவரே. தமிழெழுத்தும் கணக்கும் கற்க விரும்பும் நம்மவர் பிள்ளைகளுக்காக, ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் சங்கக் கூடத்தைத் திறந்து வைத்து, கற்றவர் ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்யுமாறு செயற்குழுவினரைப் பணிவுடன் வேண்டுகிறேன். கதவைத் திறந்து, விளக்கேற்றி, பாய் விரிக்கும் பணியை நான் ஏற்கிறேன். அப்பெருந்தகைக்கு அவர் பிறந்த நகரில் நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி இதனினும் வேறில்லை.

வாழ்க அன்னார் புகழ்! வளர்க நம் சங்கம்!