மூச்சை அளந்த மருத்துவர்

இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். தந்தை ஒருவர் தம் சிறு மகனை அழைத்துக்கொண்டு இருண்ட பாதையில் தவழ்ந்து சென்றார். கூரை சற்று உயர்ந்திருந்த ஓரிடம் வந்ததும் மகனை எழுந்து நிற்கச் சொன்னார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் உரை ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவன் சில வரிகளைத்தான் சொல்லியிருப்பான். அதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது. கால்கள் துவண்டு தரையில் விழுந்தான். விழுந்த சற்று நேரத்தில் மூச்சு சீரானது. மீத்தேன் காற்றைவிட எடை குறைந்தது. ஆகவே அது கூரையை ஒட்டித் தங்கும். தரையருகே நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தைச் சிறுவன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. இன்றைய பெற்றோர் இதைக் கேட்டால் பதறிப்போவார்கள்!

அந்தத் தந்தையின் பெயர் ஜான் ஸ்காட் ஹால்டேன். மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் பின்னாளில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞராகி, இந்தியக் குடிமகனாகவே தம் இறுதி நாள்களைக் கழித்தார்.

ஜான் ஹால்டேன் 1860ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். 1884இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால், நோயாளிகளைப் பார்த்துப் பொருள் ஈட்டும் வாழ்க்கையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. மனிதர் சுவாசிக்கும் காற்றை ஆராய்வதிலேயே அவர் மனம் சென்றது. டண்டி நகரில் பணியாற்றியபோது, நள்ளிரவுக்குப் பிறகு ஏழைகளின் வீட்டுக் கதவைத் தட்டுவார். ஒரே அறையில் பலர் நெருக்கியடித்து உறங்கும் அந்த வீடுகளின் காற்றைப் புட்டிகளில் பிடித்துச் சென்று சோதிப்பார். பின்னர் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1896ஆம் ஆண்டு சனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. 57 தொழிலாளர்கள் மாண்டனர். வெடியின் வேகமே அவர்களைக் கொன்றது என்று பலரும் எண்ணினர். ஹால்டேன் அங்குச் சென்று இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலோர் உடலில் அவர்களைக் கொல்லும் அளவுக்குக் காயமே இல்லை. தோல் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. வெடிப்புக்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவளியே அவர்களின் உயிரைப் பறித்தது என்று அவர் கண்டறிந்தார். அந்த வளி இரத்தத்தில் ஆக்சிஜன் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இதனை அவர் ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆய்வுக்கூடத்தில் தாமே அந்த நச்சுவளியைச் சுவாசித்தார். தலை சுற்றிக் கால்கள் தள்ளாடும்வரை குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். தம் இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. தம்முடன் அதே காற்றைச் சுவாசித்த எலி, தமக்கு முன்பாகவே சோர்ந்து விழுந்தது. சிறிய உயிர்கள் விரைவாகச் சுவாசிப்பதே அதற்குக் காரணம். சுரங்கத்துக்குள் செல்வோர் எலியையோ கேனரிக் குருவியையோ உடன் கொண்டு செல்லவேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். குருவி தள்ளாடினால் தொழிலாளர்கள் உடனே வெளியேறிவிடுவார்கள். பிரிட்டனின் சுரங்கங்களில் இந்த வழக்கம் 1986ஆம் ஆண்டுவரை நீடித்தது.

நாம் ஏன் மூச்சு விடுகிறோம் என்ற கேள்விக்கும் அவர் விடை தேடினார். இரத்தத்தில் கரியமில வாயு சிறிது கூடினாலும் மூளை அதை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துகிறது என்பதை 1905இல் விளக்கினார். கடலின் ஆழத்திலிருந்து மேலே வரும் முக்குளிப்போர் எங்கெங்கு நின்று வரவேண்டும் என்பதற்கு 1908இல் அட்டவணை வகுத்தார். 1911இல் அமெரிக்காவின் பைக்ஸ் மலையுச்சியில், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், பல வாரங்கள் தங்கி ஆய்வு செய்தார்.

பிறகு முதலாம் உலகப் போர் மூண்டது. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படையினர் குளோரின் வளியைத் திறந்துவிட்டனர். மஞ்சளும் பச்சையும் கலந்த புகை, பதுங்குகுழிகளை நோக்கி ஊர்ந்து வந்தது. அரசின் அழைப்பை ஏற்றுப் போர்முனைக்கு விரைந்த ஹால்டேன், அது குளோரின்தான் என்பதை உறுதிப்படுத்தினார். நாடு திரும்பியதும் குளோரினையும் தாமே சுவாசித்துப் பார்த்தார். அப்போது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

நச்சுவளி தாக்கிய வீரர்களின் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உதடுகள் நீலம் பாய்ந்தன. ஆக்சிஜன் கொடுத்தால் அவர்களுள் பலரைக் காப்பாற்றலாம். கலன்களில் ஆக்சிஜனும் இருந்தது. ஆனால், அதைக் கொடுத்த முறைதான் சரியில்லை. நோயாளியின் முகத்தருகே ஒரு புனலைப் பிடித்து, அதன்வழி சிறிது நேரம் ஆக்சிஜனைப் பாய்ச்சுவார்கள். அதில் பெரும்பகுதி காற்றில் கலந்து வீணாகும். எவ்வளவு உள்ளே சென்றது என்று எவருக்கும் தெரியாது. பயன் இல்லாததைக் கண்டு, ஆக்சிஜன் ஒரு மருந்தே அன்று என எண்ணிய மருத்துவர்களும் இருந்தனர்.

ஹால்டேன் இதனை ஏற்கவில்லை. கலனின் அழுத்தத்தைக் குறைக்கும் அடைப்பிதழ், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் அளவி, ஒரு சிறிய பை, முகத்தோடு பொருந்தும் கவசம் ஆகியவற்றை இணைத்து ஒரு கருவியை உருவாக்கினார். அதன்வழி ஆக்சிஜனை அளந்து, இடைவிடாமல், நாள் கணக்கில் கொடுக்க முடிந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு அல்லவா? மிகையான ஆக்சிஜன் நுரையீரலைப் புண்படுத்தும் என்பதும் அக்காலத்தில் தெரிந்திருந்தது. ஆகவே அளவியே அந்தக் கருவியின் உயிர்நாடியாக இருந்தது. 1917இல் இந்த முறையைப் பற்றி அவர் மருத்துவ இதழில் எழுதினார்.

முதுமையிலும் அவர் ஓய்வை நாடவில்லை. எழுபத்தைந்து வயதில் ஈரானுக்குப் பயணமாகி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கடும் வெப்பத்தால் தொழிலாளர்களுக்கு நேரும் கேட்டை ஆராய்ந்தார். அங்கிருந்து திரும்பிய சிறிது காலத்தில், 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபர்டில் காலமானார்.

புனலில் ஹால்டேன் கண்ட குறை வேறு வடிவில் நீடித்தது. மூச்சுத் திணறும் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கும் அதிகமான காற்றை இழுப்பார். மூக்கில் பொருத்தும் சாதாரணக் குழாயோ சில லிட்டர் ஆக்சிஜனையே தரும். மீதியை அவர் அறைக் காற்றிலிருந்து இழுப்பதால் ஆக்சிஜன் நீர்த்துவிடும். ஓட்டத்தைக் கூட்டினால், வறண்ட குளிர்ந்த வளி மூக்கை எரிக்கும். மூக்குவழி உயர் ஓட்ட ஆக்சிஜன் சிகிச்சை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. இக்கருவி காற்றையும் ஆக்சிஜனையும் வேண்டிய விகிதத்தில் கலந்து, ஏறத்தாழ 37 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, ஈரமூட்டி, நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை செலுத்துகிறது. மூக்கிலும் தொண்டையிலும் தங்கும் கரியமில வாயுவையும் அந்த ஓட்டம் வெளியே தள்ளிவிடுகிறது.

கோவிட்-19 பரவியபோது பல நாட்டு மருத்துவமனைகள் இக்கருவியை நாடின. எல்லாரையும் இது காப்பாற்றவில்லை. நிலைமை மோசமானவர்களுக்குத் தொண்டைக்குள் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயினும், இக்கருவியைப் பொருத்திய நோயாளி முகத்தை மூடும் கவசமின்றிப் படுத்திருந்தார். வாய் திறந்து பேசினார். கட்டிலருகே நின்ற தாதி, அளவி காட்டிய லிட்டர் கணக்கைக் குறித்துக்கொண்டார்.