பழங்காசு சேர்த்த துரை

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில், பட்டு நெய்யும் வீடுகளில் சிறுவருக்கும் ஒரு விஷயம் தெரியும். பழைய சரிகைப் புடவையை உருக்கினால் வெள்ளி கிடைக்கும். சிறிது தங்கமும் கிடைக்கும். ஆனால் புடவை போய்விடும்!

பழைய பொற்காசின் கதையும் இதுதான். உருக்கினால் தங்கம் மிஞ்சும், சரித்திரம் போய்விடும்.

அப்படிப் போகாமல் தென்னாட்டுக் காசுகளைத் தேடிச் சேர்த்தவர் சர் வால்டர் எலியட் துரை.

அவர் 1803-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகரில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பெற்று, 1821-ல் சென்னைக்கு வந்தார். அப்போது வயது 18.

வராகன் போயிற்று

அதற்குச் சற்று முன்புதான், 1818-ல், சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு போய் ரூபாய்க் கணக்கு வந்திருந்தது. 100 வராகனுக்கு 350 ரூபாய். செல்லாத பொற்காசுக்குப் பத்தர் வீட்டு உலைதானே கதி!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1908 முதல் 1915 வரை, பிலடெல்பியா நாணயச் சாலையில், சேகரிப்போருக்கென்றே தனிப் பொற்காசுகள் அடித்தார்கள். விலை போகாதவற்றை உருக்கிவிட்டார்கள். தப்பிய காசுக்கு இன்று லட்சக்கணக்கில் விலை!

சிறையும் கல்வெட்டும்

எலியட் கர்நாடகப் பகுதியில் வேலை பார்த்தபோது, 1824-ல் கித்தூர் கிளர்ச்சியில் சிறைப்பட்டார். தீங்கின்றி விடுதலையானார். பிறகு அந்தப் பகுதியிலேயே கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். மொத்தம் 595!

கல்வெட்டு சொன்ன மன்னர்களைக் காசிலும் தேடினார். மீன் இருந்தால் பாண்டியர் காசு. புலி இருந்தால் சோழர் காசு. பன்றி சாளுக்கியர் முத்திரை. வராகம் என்றால் பன்றி. வராகன் என்ற பெயர் வந்ததும் அதனால்தான்.

சென்னை கவர்னரின் ஆலோசனை சபையில் அங்கம் வகித்து, 1860-ல் ஊர் திரும்பினார்.

கண் போனது

முதுமையில் அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. காசைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தவருக்கு இதைவிடச் சோதனை வேறு ஏது?

அவர் சோர்ந்துவிடவில்லை. தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய அவருடைய புத்தகம் 1885-ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 82! அவர் சேர்த்த காசுகள் லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

1887 மார்ச் 1-ந் தேதி காலை, தமிழறிஞர் ஜி.யு. போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்து, தம் கையாலேயே கையெழுத்துப் போட்டார். போப் பதிப்பித்த திருக்குறளைப் பற்றிய கடிதம் அது. அன்று மாலை உயிர் பிரிந்தது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி வைத்த பழங்காசு இருக்கிறதா? உலைக்குக் கொடுக்கும் முன், அதில் என்ன முத்திரை இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.