கடதாசி மட்டையால் ஒரு கிற்றார்

எனது முதலாவது கிற்றாரை நான் அதன் முதுகைப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் இரண்டு கிற்றார்களை மேசையில் கவிழ்த்து வைத்து, ஒன்று மகோகனி, மற்றது ரோஸ்வூட் என்றார். கருஞ்சிவப்பில் வரிவரியாக ஓடிய ரோஸ்வூட் கண்ணைப் பறித்தது. மூன்று கட்டுரைகளுக்குக் கிடைத்த கொடுப்பனவை மேலதிகமாகக் கொடுத்து அதையே எடுத்தேன். முன்பக்கம் என்ன மரம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அது சுவரிலிருந்து விழுந்து வெடித்தபோது, தச்சு வேலை செய்யும் மாமாவிடம் கொண்டுபோனேன். வெடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ரோஸ்வூட் என்பது மேலே ஒட்டிய மெல்லிய சீவல் மட்டும்தான், முன்பலகையும் பிளைவூட்தான் என்றார் மாமா. அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. மரம் தெரியும்.

ஏமாந்த கோபத்தில் மரத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் 130 வருடங்களுக்கு முன்னர் இறந்துபோன அன்ரோனியோ டி டொரெஸ் என்ற ஸ்பானியத் தச்சரிடம் போய்ச் சேர்ந்தேன். இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் கிளாசிக்கல் கிற்றாரின் உடலளவும் உள்ளமைப்பும் பெரும்பாலும் அவர் வகுத்தவை.

டொரெஸ் 1817 ஜூனில், ஸ்பெயினின் தென்கிழக்கில் அல்மேரியா நகரை ஒட்டிய கிராமம் ஒன்றில் பிறந்தார். தகப்பன் வரி வசூலிப்பவர். பன்னிரண்டு வயதில் மகனைத் தச்சு வேலை பழக அனுப்பினார்கள். நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது இளைஞர்களைப் படைக்குப் பிடித்தார்கள். மகனை அதிலிருந்து தப்ப வைக்கக் குடும்பம் என்னென்னவோ செய்தது, அவசரக் கல்யாணமும் அவற்றில் ஒன்று. (இந்த இடத்தை வாசிக்கும்போது எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகள் நினைவுக்கு வரும்.) 1835இல் நடந்த அந்தக் கல்யாணத்தில் மணப்பெண் சிறுமி. பிறந்த குழந்தைகளில் இருவரைப் பறிகொடுத்தார்கள். 1845இல் மனைவியும் காசநோயால் இறந்தார், அப்போது அவருக்கு வயது 23. கடனும் துக்கமுமாக டொரெஸ் செவில் நகருக்குப் போனார். கிற்றார் செய்வதை முழுநேரத் தொழிலாக எடுத்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

செவிலில் அவருக்கு ஊக்கம் கொடுத்தவர் அல்மேரியாப் பக்கத்து வாத்தியக்காரர் ஹூலியன் ஆர்காஸ். பெரிய மண்டபத்தில் கடைசி வரிசை வரை கேட்கும் கிற்றார் ஆர்காஸுக்குத் தேவைப்பட்டது. அந்தக் காலத்துக் கிற்றார் சிறிய உடம்புடையது, குடலில் முறுக்கிய நரம்புகள் பூட்டியது, சத்தம் குறைந்தது. டொரெஸ் உடலைப் பெரிதாக்கினார். முன்பலகையை மெலிதாக இழைத்து இலேசாகக் குவித்தார். அதன் உட்புறத்தில் மெல்லிய சட்டங்களை விசிறிபோல விரித்து ஒட்டினார், பெரும்பாலும் ஏழு சட்டங்கள். விசிறிச் சட்டம் அவருடைய கண்டுபிடிப்பல்ல. முந்தைய ஸ்பானியத் தச்சர்களிடமே அது இருந்தது, அதை ஒழுங்குபடுத்தி முழுப் பலனையும் எடுத்தவர் இவர். 1858இல் செவில் கண்காட்சியில் அவருடைய கிற்றாருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

இனி மர விஷயத்துக்கு வருவோம். நரம்பைத் தட்டினால் அது தனியே காற்றை அசைப்பது மிகக் கொஞ்சம். நரம்பின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக முன்பலகைக்குப் போகிறது. அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளி எங்கள் காதுக்கு ஓசையைக் கொண்டுவருகிறது. ஆகவே அது பாரமில்லாமலும் வேண்டும், நரம்புகளின் இழுவையைத் தாங்கும் விறைப்போடும் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் மரம் ஸ்ப்ரூஸ். குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்து, நெருக்கமான நேர்கோட்டு ரேகையோடு இருக்கும் ஊசியிலை மரம். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் ரோஸ்வூட் போன்ற அடர்ந்த மரங்களைப் போடுவது வழக்கம். கனமான மரம் அதிர்வைக் குறைவாகவே விழுங்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் பொய்யல்ல. ஆனால் அதன் பங்கு எவ்வளவு?

டொரெஸ் 1862இல் இந்தக் கேள்விக்கு ஒரு கிற்றாராலேயே பதில் சொன்னார். முன்பலகைக்கு வழக்கம்போல நல்ல ஸ்ப்ரூஸ். பின்பக்கமும் பக்கங்களும் கடதாசி மட்டை. ரோஸ்வூட்டும் இல்லை, மேப்பிளும் இல்லை, மரமே இல்லை. ஓசையைத் தீர்மானிப்பது முன்பலகைதான் என்று மற்றவர்களுக்கு நிரூபிக்க அவர் இதைச் செய்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் கிற்றார் இன்று பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக அவர் ரோஸ்வூட்டைக் கைவிட்டுவிடவில்லை. காசுள்ளவர்களுக்கு ரோஸ்வூட்டில் அலங்காரமாகச் செய்துகொடுத்தார். காசில்லாதவர்களுக்கு உள்ளூரில் மலிவாகக் கிடைத்த சைப்ரஸில் செய்தார். கையில் நல்ல அகலமான பலகை இல்லாத நாட்களில் மூன்று நான்கு துண்டுகளைச் சேர்த்து முன்பலகை செய்ததும் உண்டு. எல்லாவற்றிலும் முன்பலகை இழைப்பில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை. என்னை அவரிடம் இழுத்தது இந்த இடம்தான்.

1869இல் பிரான்சிஸ்கோ தாரேகா என்ற பதினேழு வயதுப் பொடியன் செவிலில் அவருடைய பட்டறைக்கு வந்தான். (பழைய நோக்கியா போனின் மணியோசை இந்தத் தாரேகா பின்னாளில் எழுதிய ஒரு வால்ஸிலிருந்து எடுத்தது.) டொரெஸ் முதலில் சாதாரணக் கிற்றார் ஒன்றைத்தான் காட்டினாராம். பொடியன் வாசித்ததைக் கேட்ட பிறகு உள்ளே போய், 1864இல் செய்து தனக்கென்று வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். தாரேகா அதைப் பல வருடங்கள் வாசித்தார். அதன் முதுகு மேப்பிள் மரம்.

இவ்வளவு பேர் எடுத்தும் தொழில் சோறு போடவில்லை. இரண்டாம் கல்யாணத்துக்குப் பிறகு, 1870ஐ ஒட்டி அல்மேரியாவுக்குத் திரும்பி, பீங்கான் பாத்திரக் கடை ஒன்றைத் திறந்தார். 1875இல் மறுபடியும் கிற்றார் செய்யத் தொடங்கி, உள்ளே ஒட்டிய சீட்டுகளில் இரண்டாம் காலம் என்று குறித்து எண்ணிட்டார். வீட்டில் ஆட்களை வாடகைக்கு வைத்தும் சமாளித்தார்.

கடைசி வருடங்களில் அவருக்குக் கை நடுங்கியது. ஹுவான் மார்ட்டினெஸ் சிர்வென்ட் என்ற இளம் நண்பர் ஒட்டு வேலைகளில் உதவினார். பின்னாளில் பாதிரியாரான அவர் எழுதிவைத்த நினைவுகளிலிருந்து சில விஷயங்கள் தெரியவருகின்றன. உட்சட்டங்களைப் பொருத்தும் வேளையில் டொரெஸ் கதவைப் பூட்டிக்கொள்வார், நெருங்கியவர்களுக்கும் அனுமதியில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பாதிரியார் ஒருவர், அந்த இரகசியத்தை அடுத்த தலைமுறைக்கு விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டார். தன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, பலகை போதுமான அளவு மெலிந்துவிட்டதா என்பதைத் தன் பெருவிரலும் சுட்டுவிரலும்தான் சொல்கின்றன, அதை எப்படி எழுதிக் கொடுப்பது என்ற பொருளில் டொரெஸ் பதில் சொன்னாராம். 1892 நவம்பரில், 75 வயதில் இறந்தார்.

மட்டைக் கிற்றார் காட்டியதை 2018இல் இங்கிலாந்தில் வேறு விதமாகச் சோதித்தார்கள். பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறுபட்ட ஆறு உலோக நரம்புக் கிற்றார்களை, மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி அணிந்த 52 பேரிடம் கொடுத்தார்கள். பிரேசில் ரோஸ்வூட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் கிட்டத்தட்ட ஒரே புள்ளிகளைத்தான் போட்டார்கள். அந்தப் பிரேசில் மரம் வெட்டி வெட்டியே அருகிப்போய், 1992 முதல் அதன் சர்வதேச வர்த்தகம் தடைப்பட்டிருக்கிறது. அதன் இடத்துக்கு வந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். அதை இப்போது அதே பெருமையோடு விற்கிறார்கள்.

இப்போதெல்லாம் கடையில் நான் கிற்றாரைக் கவிழ்ப்பதில்லை. ஓசைத் துளையின் விளிம்பைப் பார்ப்பேன். மேலே தெரியும் ரேகை, வெட்டிய விளிம்பிலும் கீழ்வரை தொடர்ந்து இறங்கினால் அது ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவூட்.

டொரெஸின் கதையை மாமாவிடம் சொன்னேன். மட்டைக் கிற்றாரைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. அது எத்தனை நாள் தாங்கியது என்றுதான் கேட்டார். பிறகு என் கிற்றாரின் துளைக்குள் விரலை விட்டு, பெருவிரலை வெளியே வைத்து, முன்பலகையைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். மொத்தம் கூடிப்போச்சு என்றார். வெடிப்பின் உட்புறத்தில் ஒரு சின்னச் சட்டத்தை ஒட்டி, காய்வதற்கு இரண்டு நாள் விடச் சொன்னார்.